ஓடிபி வராத இடத்தில் ஒரு மாணவர்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

பெரும்பாக்கத்திலிருந்து பேசுகிறேன். நடுவில் லாரி ஹாரன் கேட்டால் பொறுத்துக்கோங்க. ஜன்னலை மூடினால் வெந்துடுவேன்.

இன்றைக்கு விஷயம், பட்டாளத்தில் இருப்பவர்களும் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களும் ஆன்லைனில் டிகிரி படிப்பது. 'நமக்கு என்ன சம்பந்தம்'னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. சோழிங்கநல்லூர் ஐடி பார்க்கில் வேலை பார்க்கிறீர்கள் என்றால், கேட்டில் உங்கள் ஐடி கார்டைப் பார்த்து உள்ளே விடுகிறவர் முன்னாள் படைவீரராக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. நம்ம ஏரியாவே அப்படி. தாம்பரத்தில் விமானப்படைத் தளம். பறக்கக் கற்றுக்கொடுக்கும் பைலட்டுகளுக்கே பயிற்சி தரும் பள்ளி 1954லிருந்து அங்கேதான் இருக்கிறது. பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் நாலு தெரு நடந்தால் ஏர்ஃபோர்ஸில் ரிட்டயர் ஆன ஒருவர் வீடாவது வந்துவிடும்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் டிகிரி நடத்துகிற ஓர் இடத்தில் மாணவர் உதவிப் பிரிவு. பெயர் வேண்டாம். மூன்று வாரம் லாகின் பண்ணாதவர்களின் பட்டியல் எனக்கு வரும். ரெடிமேட் மெயில் ஒன்று அனுப்புவேன். மூன்று மெயிலுக்கும் பதில் இல்லை என்றால் 'இனாக்டிவ்' என்று குறித்துவிடுவேன். அந்த செமஸ்டர் அவருக்கு அவ்வளவுதான். கட்டின ஃபீஸும் போச்சு.

அப்படி நான் குறித்த ஒரு பையன். பி.காம் மாணவர், ராணுவத்தில் ஜவான். அப்ளிகேஷனிலேயே அது இருந்தது. நான் பார்க்கவில்லை. பட்டியலில் அவர் ஒரு நம்பர், அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து போன் வந்தது.

"மேடம், லீவுல ஊருக்கு வந்திருக்கேன். லாகின் ஆக மாட்டேங்குது."

லடாக்கில் இருந்திருக்கிறார். வெளிமாநிலத்தில் வாங்கின பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. பாதுகாப்புக்காக வைத்த கட்டுப்பாடு அது. போஸ்ட்பெய்டு என்றால் வேலை செய்யும். இவருடையது ஊரில் வாங்கின பிரீபெய்டு. எங்கள் தளத்துக்குள் நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி அந்த செத்த நம்பருக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நான் 'உங்கள் முன்னேற்றத்தில் அக்கறை கொண்டுள்ளோம்' என்று மெயில் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அடுத்து அவர் கேட்டதுதான் இன்னும் காதில் இருக்கிறது. "அசைன்மென்ட் எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கேன் மேடம். அதை எடுத்துக்குவீங்களா?"

எடுத்துக்கொள்ளவில்லை. விதியில் இடமில்லை என்று சொன்னேன். உண்மையிலேயே இடம் இல்லை.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் நிறைய பேர் உண்டு, அவர்களுக்கும் சிரமம்தான். ஆனால் பட்டாளத்துக்காரருக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தாமதத்துக்குக் காரணத்தை அவரால் சொல்ல முடியாது. டெட்லைனை நீட்டிக்க நாங்கள் ஆதாரம் கேட்கிறோம். ஆஸ்பத்திரி சீட்டு, ஆபீஸ் லெட்டர், ஏதாவது ஒன்று. அவர் எங்கே இருந்தார், எப்போது கிளம்பினார் என்கிற காகிதத்தை எங்களுக்கு அப்லோட் பண்ண முடியுமா? பண்ணவும் கூடாது. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை போனிலிருந்து எடுக்கச் சொல்லி ராணுவம் உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கலாம். போனில் எதைச் சொல்வது, எதைக் காட்டுவது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு கட்டுப்பாடு. நாமோ 'லைவ் லொகேஷன் ஆன் பண்ணுங்க' என்கிற உலகத்திலிருந்து பேசுகிறோம்.

படிக்க வழியே இல்லை என்று சொல்ல வரவில்லை. வழி இருக்கிறது. இக்னோவில் மூன்று வருட பி.ஏ.வை ஆறு வருடம் வரை இழுக்கலாம். ஜூன், டிசம்பர் என்று இரண்டு தடவை பரீட்சை. ஒவ்வொரு தடவையும் ஃபார்ம் போடும்போது அப்போது எந்த ஊரில் இருக்கிறோமோ அங்கே சென்டர் கேட்கலாம். பட்டாளத்துக்காரருக்கு இந்த ஒரு வசதி பத்து சலுகைக்குச் சமம். ஐஐடி மெட்ராஸின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் 2020ல் தொடங்கியது. ஜேஇஇ வேண்டாம், பாடத்தை ஆன்லைனில் பார்க்கலாம். அருமையான படிப்பு. ஆனால் வாராவாரம் அசைன்மென்ட் உண்டு, தேர்வை நேரில் போய் எழுத வேண்டும். நல்ல போஸ்டிங்கில் இருப்பவருக்கு ஓகே. மேலே மலையில் இருப்பவருக்கு ரொம்பக் கஷ்டம். சேருவதற்கு முன்னால் இதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் நான் சொல்கிறேன், எங்கள் அட்மிஷன் டீமுக்குப் பிடிக்காவிட்டாலும்.

இனி இன்னொருத்தர். மேடவாக்கத்தில் இருக்கும் ஒரு சார். பிளஸ் டூ முடித்து ஏர்ஃபோர்ஸில் சேர்ந்து, 20 வருடம் சர்வீஸ், நாற்பது வயதுக்குள் வெளியே வந்துவிட்டார். இப்போது ஓஎம்ஆரில் ஒரு வளாகத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். கையில் ஒரு சர்டிஃபிகேட், பட்டப்படிப்புக்குச் சமம் என்று. அதை வைத்து எம்.பி.ஏ.வுக்கு அப்ளை பண்ணினார். 'டிகிரி எங்கே?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இது பலருக்கும் தெரியாத சங்கதி, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1986ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. பத்தாவது முடித்து, ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றிதழோ கடற்படை, விமானப்படையில் அதற்கு இணையானதோ பெற்று, 15 வருடத்துக்குக் குறையாமல் சர்வீஸ் செய்தவரை, பட்டம் கேட்கிற குரூப் சி வேலைகளுக்குத் தகுதியானவராக எடுத்துக்கொள்ளலாம் என்று. அதிலும் தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமில்லாத வேலைகளுக்கு மட்டும். நல்ல விதிதான், நிறைய பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் அது வேலைக்கான தகுதி. பல்கலைக்கழகம் தருகிற பட்டம் அல்ல. மேல்படிப்புக்கு அதை நீட்டினால் செல்லாது.

"20 வருஷம் என்ஜின் பார்த்தவன்மா நான். இப்ப முதல் வருஷத்துலேர்ந்து வான்னு சொல்றாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முதல் வருஷத்திலிருந்தே சேர்ந்தும்விட்டார். கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாருக்கும் 19 வயது. யாரோ 'அங்கிள்' என்று கூப்பிட, அதன் பிறகு கேமராவை ஆன் பண்ணவே இல்லை. இவருக்கு சிக்னல் பிரச்சினை கிடையாது. 12 மணி நேர ஷிப்ட் முடித்து வந்து, சந்தேகம் கேட்க ஆளில்லை, அதுதான் பிரச்சினை. எங்கள் ஹெல்ப்லைன் ஆறு மணிக்கு மூடிவிடும். அவர் வீட்டுக்கு வருவதே எட்டரைக்கு.

இவர்களை விடச் சின்னப் பசங்க இப்போது வரப்போகிறார்கள், அதனால்தான் இந்த எபிசோடே. அக்னிபத் திட்டம் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்டது. நாலு வருட சர்வீஸ், அதன் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் பேட்ச்களுக்கு நாலு வருடம் முடிவது 2026 கடைசி, 2027 தொடக்கம். 22, 23 வயது, கையில் சுமார் 11.71 லட்சம் சேவா நிதி, பென்ஷன் கிடையாது. அறிவிப்பு வந்த உடனேயே கல்வி அமைச்சகம் இவர்களுக்கென்று இக்னோ வழியாக மூன்று வருட டிகிரி ஒன்றைச் சொன்னது. பாதி கிரெடிட் சர்வீஸில் எடுத்த பயிற்சிக்கே கிடைத்துவிடும், மீதிப் பாதி பாடங்கள். முதல் வருடத்தோடு நிறுத்தினால் சர்டிஃபிகேட், இரண்டாவதோடு நிறுத்தினால் டிப்ளமோ. பயிற்சிக்கு கிரெடிட் தருவது ரொம்பச் சரியான யோசனை என்பது என் கருத்து. மேடவாக்கம் சாருக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் பாதி தூரம் குறைந்திருக்கும். ஆனால் மீதிப் பாதியைப் படிக்கவைப்பது என்னைப் போல் மெயில் அனுப்புகிறவர்கள் கையில் இருக்கிறது. கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

அமெரிக்காவைப் பற்றி இரண்டு வரி. அங்கே படைவீரர் படிப்புச் செலவை 1944லிருந்தே அரசாங்கம் ஏற்கிறது. 2012ல் ஒபாமா போட்ட உத்தரவு, சர்வீஸுக்காக நடுவில் போய்விட்டு வருகிறவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வழி செய்யுங்கள் என்று கல்லூரிகளைக் கேட்டுக்கொண்டது. அங்கேயும் முழுக்க ஆன்லைனில் படித்தால் வீட்டு வாடகை உதவி குறைவுதான். நம்மிடம் பிரதமர் உதவித்தொகை இருக்கிறது. அது முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கும் அவர்கள் இறந்துபோனால் மனைவிக்கும். அவரே படிக்க நினைத்தால் அந்தத் திட்டத்தில் இடமில்லை.

அந்தப் பையன் போனுக்குப் பிறகு எங்கள் ஆபீஸில் நான் கொஞ்சம் சண்டை போட்டேன். எல்லாம் கிடைக்கவில்லை. ஓடிபியை மெயிலுக்கும் அனுப்ப ஏற்பாடு ஆனது. யூனிட்டிலிருந்து 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை டியூட்டியில் இருந்தார்' என்று ஒரு வரி வந்தால் போதும், இடம் கேட்கக் கூடாது என்று எழுதி வாங்கினேன். பாடங்களை மொத்தமாக டவுன்லோட் பண்ணிக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி ஒன்பதிலிருந்து பத்தரை வரை நானே போன் எடுக்கிறேன். மேடவாக்கம் சார் தவறாமல் கூப்பிடுவார், ஸ்டாடிஸ்டிக்ஸில் எனக்கே தெரியாததைக் கேட்டு மாட்டிவிடுவார். நோட்டில் எழுதின அசைன்மென்டை ஏற்கிற விஷயம் இன்னும் கமிட்டியில் இருக்கிறது. போன ஃபீஸ் திரும்பி வரவில்லை.

பையன் மறுபடியும் ஃபீஸ் கட்டிச் சேர்ந்தார். இந்தத் தடவை ஒரே ஒரு பேப்பர், கையில் போஸ்ட்பெய்டு சிம். போன வாரம் ராத்திரி ஒரு மெசேஜ்: "மேடம், எக்ஸாம் சென்டர் மாத்த கடைசி தேதி என்ன?" எங்கே மாத்தணும்னு நான் கேட்கவில்லை. இன்னும் 12 நாள் இருக்குன்னு மட்டும் பதில் போட்டேன்.

சரி மக்களே, அடுத்த எபிசோடில் பார்ப்போம். உங்கள் வீட்டில் யாராவது அக்னிவீரா இருந்தா, இதை அவர் லீவுல வரும்போது போட்டுக் காட்டுங்க.