ஆறாத புண்ணும் அழுத்தக் கட்டும்

தமிழிலே மேனாட்டு வைத்தியம் வளர்ந்த வரலாற்றில் மானிப்பாய்க்குத் தனியிடம் உண்டு. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டு மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டார். அங்கே நோய் தீர்த்ததோடு, தமிழ் இளைஞர்களுக்கு வைத்தியமும் கற்பித்தார். ஆங்கிலச் சத்திரவைத்திய நூலொன்று அவர் முயற்சியால் தமிழாகி, 1867இல் 'இரணவைத்தியம்' என்னும் பெயரோடு வெளிவந்தது. இரணம் என்பது புண். புண்களுள்ளே வைத்தியரின் பொறுமையையும் நோயாளரின் பொறுமையையும் ஒருங்கே சோதிப்பது ஒன்றுண்டு. அதுவே காலில் உண்டாகும் நாளப்புண்.

இப்புண் பெரும்பாலும் கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்புறத்தில் தோன்றும். அதற்கு முன்பே கால் வீங்கும்; நாளங்கள் புடைத்து நெளியும்; தோல் கறுத்துத் தடிக்கும். பிறகு சிறு கீறலொன்று போதும், புண் திறந்துவிடும். எண்ணெய், பச்சிலை, களிம்பு, தூள் என்று மாறி மாறி இட்டும் மாதங்கள் செல்லும். சிலருக்கு ஆண்டுகளும் செல்லும். மருந்து புண்ணின் மேலே நிற்க, நோயின் வேர் உள்ளே நாளத்தில் இருப்பதே இதற்குக் காரணம்.

யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு இதனை விளக்குதல் எளிது. கிணற்றுள் இறங்கிய குழாயின் அடியிலே ஒரு வால்வு உண்டு. அது பழுதானால், இறைப்பு இயந்திரம் நின்றதும் ஏறிய நீர் மீண்டும் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலின் நாளங்களிலும் இத்தகைய வால்வுகள் உள்ளன. நடக்கும்போது கெண்டைத் தசை சுருங்கி இரத்தத்தை இருதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. வால்வுகள் அது கீழிறங்காமல் தடுக்கின்றன. வால்வுகள் கெட்டால் இரத்தம் காலிலே தேங்கும், அழுத்தம் ஏறும், நீர் கசிந்து வீக்கம் உண்டாகும், தோல் வலுவிழக்கும்.

உள்ளே தளர்ந்ததற்கு வெளியே தாங்கல் கொடுப்பதே அழுத்தக் கட்டு. விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை அது சுற்றப்படும். கணுக்காலில் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் இரச அழுத்தமும், மேலே செல்லச் செல்லக் குறைந்த அழுத்தமும் இருத்தல் வேண்டும். ஒரே இழுவையோடு சுற்றினாலும், கால் ஒடுங்கிய இடத்தில் அழுத்தம் கூடும். பருத்த இடத்தில் குறையும்.

இது பழைய முறையே. 1797இல் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரச் சத்திரவைத்தியர் தோமஸ் பெயின்ரன், ஒட்டுப் பட்டைகளைக் காலிலே சுற்றி இறுக்கும் முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனிய தோல் வைத்தியர் உன்னா, துத்தநாகப் பசை ஊறிய கட்டை வழக்கிற்குக் கொண்டுவந்தார். 1980களில் இலண்டன் சாறிங் குறொஸ் வைத்தியசாலையில் நான்கடுக்குக் கட்டு உருவாயிற்று. அதில் முதலிலே பஞ்சு, அடுத்து கிறேப்புத் துணி, பின்பு இழுபடும் கட்டு, இறுதியில் தன்னோடு தான் ஒட்டும் கட்டு என்று அடுக்குகள் அமையும்.

இவற்றுள் எது சிறந்தது? பிரித்தானியாவில் 387 நோயாளரைக் கொண்டு நடந்து, 2004இல் வெளியான ஆய்வொன்று நான்கடுக்குக் கட்டையும், அதிகம் நீளாத குறுநீட்சிக் கட்டையும் ஒப்பிட்டது. நோயாளருள் பாதிப்பேரின் புண் ஆறுவதற்கு முன்னதில் 92 நாளும், பின்னதில் 126 நாளும் சென்றன. குறுநீட்சிக் கட்டு நடக்கும்போதே நன்கு தொழிற்படும். நடமாட்டம் குறைந்தவருக்கு அதன் பயன் குறையும். ஆயினும் அதைத் துவைத்து மீண்டும் கட்டலாம் என்பது ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய நன்மையன்று.

2014இல் வெளியான மற்றோர் ஆய்வு, நான்கடுக்குக் கட்டோடு ஈரடுக்கு அழுத்தக் காலுறையை ஒப்பிட்டது. ஆறும் காலம் ஒன்றுக்கு 98 நாள், மற்றதற்கு 99 நாள். வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். புண் மீண்டும் வருதல் காலுறை அணிந்தோரிடம் குறைந்திருந்தது. ஆனால் அதனை இடையிலே கைவிட்டு வேறு முறைக்கு மாறியவர் தொகை கூடியிருந்தது. நாள்தோறும் கிணற்றடியில் முழுகும் வழக்கமும் புழுக்கமும் உள்ள நாட்டிலே, வைத்தியர் அனுமதித்தால் கழற்றி மீண்டும் அணியக்கூடிய உறை வசதியானது. அந்த வசதியே அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடவும் இடந்தரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகள் அடைபட்டிருந்தால், இறுக்கிய கட்டு காலையே அழித்துவிடலாம். நீரிழிவுக்காரரும் சுருட்டு, சிகரெட் புகைப்போரும் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். ஆதலின், கட்டுவதற்கு முன் கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அது கையினதில் பத்தில் எட்டுப் பங்குக்குக் குறைந்தால், முழு இறுக்கக் கட்டு பொதுவாகக் கூடாது. கட்டிய பின் விரல்கள் குளிர்ந்தாலோ, நீலித்தாலோ, வலி மிகுந்தாலோ, உடனே கட்டைத் தளர்த்தி வைத்தியரை நாட வேண்டும்.

புண் ஆறினாலும் பழுதான வால்வு பழுதானபடியே இருக்கும். ஆகவே காலுறை தொடர வேண்டும். பழுதான நாளத்தையே காலந்தாழ்த்தாது அடைத்துவிடும் சிகிச்சையும் இன்று உண்டு. 2018இல் வெளியான ஆய்வில், கட்டோடு இச்சிகிச்சையையும் முற்படப் பெற்றவருள் பாதிப்பேருக்கு 56 நாளிலும், பிற்படப் பெற்றவருள் பாதிப்பேருக்கு 82 நாளிலும் புண் ஆறிற்று.

ஆகவே, எந்தக் கட்டு என்னும் கேள்வியோடு வேறு மூன்று கேள்விகளும் சேர்தல் வேண்டும். நாடி சோதிக்கப்பட்டதா? பயின்ற கை கட்டியதா? நோயாளர் அதை நாளும் தாங்குவாரா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால், எளிய கட்டும் பெரும்பயன் தரும். ஒன்றுக்கேனும் இல்லையென்றால், விலையுயர்ந்த கட்டும் வெறுந் துணியே. முழங்காலுக்குக் கீழே இரண்டு வாரத்தில் ஆறாத புண் எவருக்கேனும் இருந்தால், அடுத்த களிம்பைத் தேடுமுன் வைத்தியரிடம் சென்று, புண்ணை மட்டுமன்றி நாளத்தையும் நாடியையும் பார்க்கும்படி கேட்பதே அறிவுடைமை.