ஒதுங்கியவரும் ஒதுக்கப்பட்டவரும்

(மேல்சித்தாமூரில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊரில், இன்றைய ‘துறவி’ ஒருவரைப் பற்றிய புத்தகத்தைப் பேச வந்திருக்கிறேன். மைக்கேல் ஃபிங்கல் எழுதி 2017இல் வெளிவந்த ‘தி ஸ்ட்ரேஞ்சர் இன் தி வுட்ஸ்’.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் நைட், 1986இல், 20 வயதில், காட்டுக்குள் போனார். 27 ஆண்டுகள் தனியே வாழ்ந்தார். சுற்றியிருந்த விடுமுறை வீடுகளில் ஏறத்தாழ 1,000 முறை திருடித்தான் பிழைத்தார். 2013 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகள் முகாம் ஒன்றில் உணவு திருடும்போது பிடிபட்டார். 7 மாதச் சிறை.

திருட்டுக் கொடுத்தவர்களின் பயத்தையும் ஃபிங்கல் பதிவு செய்கிறார். ஆனால் புத்தகம் முழுக்க ஓடுவது வியப்புதான். உலகின் பழைய துறவிகள் வரிசையில் நைட்டை வைத்துப் பார்க்கிறார். எனக்கு முதல் ஏமாற்றம் அங்கே. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தியின் கல்வெட்டு இருக்கிறது. சமண முனிவர் பிறர் கொடுப்பதை மட்டும் கையில் வாங்கி உண்பவர். கள்ளாமை அவருடைய ஐந்து நோன்புகளில் ஒன்று. அந்தச் சோற்றுக்கு வயலில் உழைத்தவர் யார் என்ற கேள்வி அங்கும் உண்டு. ஆனால் அங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை.

இரண்டாவது ஏமாற்றம் பெரியது. படிக்கும்போது எனக்கு மதுவின் நினைவு வந்தது. கோவையை ஒட்டிய கேரளத்தின் அட்டப்பாடியில், காட்டுக் குகையில் தனியே இருந்த பழங்குடி இளைஞர். மனநலம் பாதிக்கப்பட்டவர். கடைகளில் அரிசி திருடினார் என்று சொல்லி, 2018 பிப்ரவரி 22 அன்று ஒரு கும்பல் அவரைக் காட்டிலிருந்து பிடித்துவந்து, கைகளைக் கட்டி அடித்தது. செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் மது இறந்தார். 2023 ஏப்ரலில் மன்னார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது.

இருவர் மீதும் ஒரே குற்றச்சாட்டு: உணவுத் திருட்டு. நைட்டை அடித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வழக்கறிஞர் கிடைத்தார். ஃபிங்கல் சிறைக்கு 9 முறை போய் அவர் பேச்சைக் கேட்டார். மதுவிடம் யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை.

தானாக ஒதுங்குவது வேறு, ஒதுக்கி வைக்கப்படுவது வேறு. ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தனித்துத்தான் வாழ்ந்தார்கள். அவர்களை யாரும் துறவிகள் என்று கொண்டாடவில்லை. தனிமையாக இருக்கும் உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு அது குற்றமாகிறது? இந்தக் கேள்விக்குள் புத்தகம் போகவே இல்லை. நாமாவது போவோம், தோழர்களே.