வடம் பிடித்தவரும் இழுத்தவரும்

முன்வரிசையில் துண்டும் மூக்குக்கண்ணாடியுமாக அமர்ந்திருக்கும் என் பழைய டைம் ஆபீஸ் தோழர்களே, எழுந்து போகத் தோதாகக் கடைசி வரிசையைப் பிடித்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே!

தமிழ் மன்றச் செயலாளர் என்னை அறிமுகப்படுத்தும்போது 'மனிதவள வல்லுநர்' என்றார். அந்தப் பட்டத்தை இந்த மேசையிலேயே கழற்றி வைத்துவிடுகிறேன். கடலூர்ப் பக்கம் ஓர் ஆலையில் முப்பது வருடம் சம்பளப் பட்டியலும் லீவுக் கணக்கும் பார்த்தவன் நான். சேரும்போது எங்கள் பிரிவுக்குப் பெயர் பர்சனல். ஓய்வு பெறும்போது எச்.ஆர். வாசலில் போர்டு மாறியது. உள்ளே அதே மர மேசை, அதே சிக்கிக்கொண்ட இழுப்பறை.

என் மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். பார்க்கிறாள். அண்மையில் அங்கே இரண்டு நாள் மாநாடு. 'ஊழியர்களை ஊக்குவிப்பது எப்படி' என்பது தலைப்பு. "வாங்கப்பா, உங்க காலத்துல இதெல்லாம் கிடையாது, வந்து பாருங்க" என்றாள். போனேன். நட்சத்திர ஹோட்டல். சித்திரை வெயிலிலும் சால்வை கேட்கும் குளிர். இரண்டு நாளில் மாஸ்லோவின் பிரமிடு மட்டும் நான்கு தடவை திரையில் ஏறி இறங்கியது. மாஸ்லோ 1943-ல் எழுதிய கட்டுரையில் அந்தப் பிரமிடே கிடையாது, பின்னால் வந்தவர்கள் வரைந்தது. ஆனால் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் எழுந்து இதைச் சொன்னால் மகளுக்குச் சங்கடம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கார் கதையும் வந்தது. 2022-ல் சென்னையில் ஐடியாஸ் டு ஐடி என்ற நிறுவனம் நூறு ஊழியர்களுக்கு நூறு கார் கொடுத்தது. அதே மாதம் கிஸ்ஃப்ளோ என்ற நிறுவனம் ஐந்து பேருக்கு பி.எம்.டபிள்யூ கொடுத்தது. பத்திரிகையில் நீங்களும் படித்திருப்பீர்கள். கொடுத்தவர்கள் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள். கூட இருந்து கம்பெனியை வளர்த்தவர்களுக்குக் கொடுத்தார்கள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரங்கில் இருந்த முந்நூறு பேரில் எத்தனை பேரால் கார் கொடுக்க முடியும்? அதனால் பேச்சு மெல்ல இறங்கி, பிறந்தநாள் கேக், 'மாதத்தின் சிறந்த ஊழியர்' போட்டோ, வெள்ளிக்கிழமை விளையாட்டு என்று வந்து நின்றது.

எனக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. சுவரோரமாக ஹோட்டல் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு நாளும் நின்றார்கள். ஊழியரை ஊக்குவிப்பது பற்றி முப்பது பேர் பேசினார்கள். அந்த அறையில் இருந்த ஊழியர்கள் அவர்கள்தான். அவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

இரண்டு நாளும் நின்றே இருந்தார்களே, நாற்காலி என்பது சின்ன விஷயமா? ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கிறாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சோம்பேறி என்று பெயர். கேரளத்து ஜவுளிக்கடைப் பெண்கள் இதற்காகப் பல வருடம் போராடி, 2018-ல் அங்கே சட்டம் திருந்தியது. நம் மாநிலத்தில் 2021-ல், 1947-ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை வைக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். உட்கார ஒரு ஸ்டூல் போட, சுதந்திரம் வந்து எழுபத்து நான்கு வருடம் கழித்து சட்டசபை கூட வேண்டியிருந்தது. அந்தக் கடைகளில் பல இடங்களில் 'மாதத்தின் சிறந்த ஊழியர்' போட்டோ மட்டும் எப்போதோ மாட்டியாகிவிட்டது.

இப்போது நம் சிதம்பரத்துக்கு வருகிறேன். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் கீழவீதித் தேரடியில் வடம் பிடிக்காதவர் இந்த அவையில் யாராவது உண்டா? ஐந்து தேர். நான்கு வீதி. உண்மையைச் சொல்லுங்கள்: வடத்தைப் பிடித்தவர்கள் எல்லாரும் இழுத்தோமா? (பின்வரிசையில் சிரிப்பு கேட்கிறது, தெரிந்தவர்கள் போலிருக்கிறது.) கை வடத்தில் இருக்கும், கண் பக்கத்து வீட்டு மாடியில் இருக்கும். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்பவர்களும் உண்டு. புண்ணியம் எல்லோருக்கும் சமம்தான். பாரம் சமமில்லை.

இதை பிரான்சில் ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார். ரிங்கெல்மான் என்ற வேளாண் பொறியாளர். 1913-ல் வெளியிட்டார். ஒரு ஆள் தனியாகக் கயிறு இழுத்தால் நூறு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் சேர்ந்தால் எண்ணூறு வர வேண்டும். வந்தது ஏறக்குறைய பாதி! மீதி எங்கே போயிற்று? அவர் சொன்ன முதல் காரணம் சோம்பல் இல்லை. எட்டுப் பேரும் ஒரே நொடியில் இழுக்கவில்லை. ஒருவரின் இழுப்பும் இன்னொருவரின் இழுப்பும் ஒன்றுசேரவில்லை என்றார். அறுபது வருடம் கழித்து, 1974-ல், அமெரிக்காவில் வேறு சிலர் அதையே திரும்பச் செய்தார்கள். ஒருவர் கண்ணைக் கட்டி முன்னால் நிறுத்தி, 'உங்கள் பின்னால் இத்தனை பேர் இழுக்கிறார்கள்' என்று சொன்னார்கள். பின்னால் இருந்தவர்கள் இழுக்கவே இல்லை, இழுப்பதுபோல் முனகினார்கள். அவ்வளவுதான், முன்னால் இருந்தவரின் கை தளர்ந்துவிட்டது. அதற்கும் பின்னால் வந்த ஆராய்ச்சியில் ஒன்று தெரிந்தது: ஒவ்வொருவர் போடும் உழைப்பும் தனித்தனியாகத் தெரியும் என்று சொல்லிவிட்டால் அந்தத் தளர்ச்சி காணாமல் போகிறது.

ஆளை மாற்றவில்லை. ஊக்க உரை ஆற்றவில்லை. கேக் வெட்டவில்லை. ஒவ்வொருவர் பங்கும் தெரியும்படி ஏற்பாட்டை மாற்றினார்கள், தளர்ச்சி தானாகப் போனது. நான் இன்று இந்த மேடைக்கு எடுத்து வந்த சரக்கு இந்த ஒன்றுதான். ஊக்கம் தொழிலாளியின் மனசுக்குள் இருக்கிறது என்று நினைத்து மாநாட்டில் எல்லோரும் அங்கே போய்த் தேடினார்கள். நான் பார்த்தவரை அது வடத்தில் இருக்கிறது.

நம் தேரையே பாருங்கள். முன்னால் துண்டை வீசிக் குரல் கொடுக்கிறவர் ஒருவர். அவர் குரலுக்குத்தான் ஆயிரம் தோளும் ஒரே நொடியில் முன்னே சாய்கின்றன. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் நாலு பேர். 'முட்டுக்கட்டை போடாதே' என்று வீட்டில் திட்டுகிறோம். தெற்குவீதி முனையில் அந்தக் கட்டை ஒரு நொடி பிந்தினால் தேர் திரும்பாமல் கடைக்குள் போய்விடும். அந்த வேலை செய்கிறவருக்கு யாராவது ஊக்கப் பயிற்சி கொடுத்ததாகக் கேட்டிருக்கிறீர்களா? தேவைப்படாது. தன் கட்டைக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியும். பார்க்கிற நமக்கும் தெரியும்.

தமிழ் மன்றத்தில் வள்ளுவரை விட்டுவிட்டுப் போனால் அடுத்த முறை கூப்பிட மாட்டீர்கள். குறளை ஒப்பிக்கப் போவதில்லை, ஒரு விஷயம் மட்டும். ஊக்கமுடைமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறதல்லவா, அதை அவர் எங்கே வைத்தார்? பொருட்பாலில், அரசியலில். அதாவது, ஆள்கிறவனுக்கு வேண்டிய குணங்களின் வரிசையில். அடுத்தாற்போல் வரும் மடியின்மையும் அங்கேதான். யாரிடம் எந்த வேலையைக் கொடுப்பது, கொடுத்த பின் எப்படி நடத்துவது என்று சொல்லும் தெரிந்துவினையாடலும் அதே வரிசையில்தான். ஆக, ஊக்கம் வேண்டும், சோம்பல் கூடாது என்று அவர் மேலே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துச் சொன்னார். நாம் அதைப் போஸ்டர் அடித்து, கீழே வேலை செய்கிறவன் பார்க்கிற மாதிரி கேன்டீன் சுவரில் ஒட்டிவிட்டோம்.

கேன்டீன் என்றதும் ஞாபகம் வருகிறது. ஓர் ஆலையில், பெயர் வேண்டாம், ஆலோசனைப் பெட்டி வைத்தார்கள். பூட்டுப் போட்ட பெட்டி. சாவி தொலைந்துவிட்டது. எட்டு மாதம் கழித்து ஃபிட்டரைக் கூப்பிட்டு உடைத்தோம். உள்ளே நாற்பதுக்கு மேல் சீட்டு. பாதிக்கு மேல் ஒரே விஷயம்: நைட் ஷிஃப்ட்டில் டீ ஆறிப்போய் வருகிறது. அந்த எட்டு மாதத்தில் வெளியூரிலிருந்து பயிற்சியாளரை வரவழைத்து இரண்டு தடவை ஊக்க வகுப்பு நடத்தியிருந்தோம். இருநூற்றைம்பது பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வேண்டும் என்று அப்போதிருந்த 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. டீ சூடாக இருக்க வேண்டும் என்று சொல்ல அதற்குத் தோன்றவில்லை. ஃபிளாஸ்க் வாங்கினோம். அவ்வளவுதான் நடந்தது.

அமெரிக்காவில் ஹாதோர்ன் என்ற தொழிற்சாலையில் 1924 முதல் எட்டு வருடம் நடந்த ஆராய்ச்சியை மாநாட்டில் பெருமையாகச் சொன்னார்கள். விளக்கைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது. தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதே ஊக்கம் என்று பாடம். கைதட்டல். ஆனால் அங்கே தனி அறையில் வைத்துப் பார்த்த ஐந்து பெண்களுக்கு இடைவேளை கொடுத்ததையும், கூலி கணக்கிடும் முறையைச் சின்னக் குழுவாக மாற்றியதையும், அதிகம் பேசுகிறார்கள் என்று இரண்டு பெண்களை மாற்றிவிட்டதையும் யாரும் சொல்லவில்லை. கவனித்தால் போதும், காசு வேண்டாம் என்பது கேட்க இனிக்கும் கதை. எனக்குப் பிடித்தது அதே ஹாதோர்னில் நடந்த இன்னொன்று. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசவிட்டுக் கேட்டார்கள். நம் ஊரில் அதற்கு ஒரு பூட்டிய பெட்டி.

காசு பற்றிப் பேச வேண்டுமானால் நெய்வேலிக்குப் போக வேண்டும். அதிகத் தூரமில்லை. 1956-ல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம், இந்த மாவட்டத்துக்கே விளக்கேற்றியது. அங்கே ஒரே சுரங்கத்தில், ஒரே ஷிஃப்ட்டில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர். ஒருவர் நிரந்தரம், ஒருவர் காண்ட்ராக்ட். நிரந்தரம் கேட்டுக் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் எத்தனையோ முறை போராடியிருக்கிறார்கள். 2023-லும் வேலைநிறுத்தம் நடந்தது. மனிதன் தன் சம்பளத்தைத் தனியாக வைத்துப் பார்ப்பதில்லை, பக்கத்து ஆளுடைய உழைப்பையும் கூலியையும் தன்னுடையதோடு வைத்து நிறுத்துப் பார்க்கிறான் என்று ஆடம்ஸ் என்பவர் 1963-ல் எழுதினார். நெய்வேலி பஸ்ஸில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்தால் ஆடம்ஸைப் படிக்க வேண்டியதில்லை. கூலி வேறு, பாரம் ஒன்று என்றால் வடம் ஒன்றுதானா என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயிற்சி வகுப்பில் பதில் கிடையாது.

இன்னும் பக்கத்தில், ரயிலடியைத் தாண்டினால் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929-ல் வந்தது. இந்த அவையில் பாதிப் பேர் அங்கே படித்தவர்கள், கால்வாசிப் பேர் வேலை பார்த்தவர்கள். நிதி நெருக்கடி வந்து, 2013-ல் தனிச் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. அப்புறம் கணக்குப் பார்த்தார்கள். தேவைக்கு மேல் ஆள் இருக்கிறது என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்களை வேறு மாவட்டங்களுக்கு, அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பினார்கள். அதன் நியாயம் அநியாயம் பேச நான் வரவில்லை; கணக்கு உண்மையாகவே இடித்திருக்கலாம். என் காதில் நிற்பது இரண்டு வார்த்தைகள். பணிநிரவல். மிகை ஊழியர். இருபது வருடம் வேலை பார்த்த ஒருவர் ஒரு காலையில் தாளைப் பிரித்துப் பார்க்கிறார், தன் பெயருக்கு மேலே 'மிகை' என்று இருக்கிறது. புது ஊரில், புது நாற்காலியில், அவர் கை எப்படி வடத்தை இறுக்கிப் பிடிக்கும்? உத்தரவு எழுதியவர் கெட்டவர் இல்லை, அகராதி அப்படி.

கூலியும் வேலையும் பற்றிப் பேசினால் உடனே சிலர் நாட்டியாஞ்சலியைச் சொல்வார்கள். மாநாட்டில் நான் சிதம்பரம் என்றதும் ஒருவர் என்னிடம் சொன்னார்: "உங்கள் ஊரில் 1981-லிருந்து சிவராத்திரிக்கு நாடெங்கிலுமிருந்து கலைஞர்கள் வந்து சன்மானம் எதிர்பார்க்காமல் ஆடுகிறார்களே, அதுதான் சார் உண்மையான ஊக்கம்!" நான் சொன்னேன்: ஐயா, ஆடட்டும், கண் குளிரப் பார்க்கிறோம். ஆட வரும் பெண் அரை மணி நேரம் தில்லைக் கூத்தனுக்காக ஆடிவிட்டு ரயிலேறிவிடுவாள். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு வந்து கை நாட்டு வைக்கச் சொல்லிப் பாருங்கள். பக்தியைக் காட்டி ஓவர்டைமை வெட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. 'இரண்டு நிமிடம்' என்று எழுதியிருக்கிறது, ஆனால் தலைவர் முகத்தில் ஒரு நிமிடம்தான் தெரிகிறது.

மாநாடு முடிந்து திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "எப்படிப்பா இருந்தது?" சாப்பாடு நன்றாக இருந்தது என்றேன். கோபித்துக்கொண்டாள். அப்புறம் சொன்னேன்: "உன் ஆட்களிடம் 'உங்களை எப்படி ஊக்குவிப்பது'ன்னு கேட்காதேம்மா. வேலை செய்ய விடாமல் எது தடுக்குதுன்னு கேளு." போன வாரம் போன் பண்ணினாள். கேட்டிருக்கிறாள். அவளே நினைக்காத பதில் வந்திருக்கிறது. கேட்டில் விரல்ரேகை மெஷின் ஒன்றுதான் இருக்கிறதாம். காலையில் முந்நூறு பேரும் அதற்கு முன்னால் வரிசை. ஒன்பது மணிக்கு முன்னாலேயே வந்து நிற்கிறவருக்கும், விரல் வைக்கும்போது ஒன்பது பத்து ஆகிவிடுகிறது. மூன்று தடவை தாமதம் விழுந்தால் அரை நாள் சம்பளம் பிடித்தம். நேரத்துக்கு வந்தவன் தாமதம் என்று எழுதப்படுகிறான், அன்றைய வேலையை அந்த எரிச்சலோடு தொடங்குகிறான். இதற்கு மேலேதான் வெள்ளிக்கிழமை விளையாட்டு.

உடனே இன்னொரு மெஷினுக்கு எழுதிப் போட்டாளாம். இங்கே மேடை ஏறுவதற்கு முன்னால் போன் பண்ணி, வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"பர்ச்சேஸ்ல இருக்குப்பா" என்றாள்.