நடுவர் ஏன் விசில் ஊதினார்?



பள்ளிகளுக்கிடையே கூடைப்பந்துப் போட்டி நடக்கும்போது, திடலோரத்தில் நிற்கும் பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்வதுண்டு. "பிள்ளை நன்றாகத்தானே ஆடியது? நடுவர் எதற்காக விசில் ஊதினார்?" என்பார்கள். சிறிது நேரம் கழித்து, "இதே மாதிரி அந்தப் பிள்ளையும் செய்ததே, அதற்கு ஏன் ஊதவில்லை?" என்பார்கள். இப்படியே போனால், "நடுவர் ஒரு பக்கமாக நடக்கிறார்" என்ற பேச்சும் வந்துவிடுகிறது.

காற்பந்தின் விதிகள் நம் தோட்டத்துச் சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். கூடைப்பந்து அந்த அளவுக்கு நமக்குப் பழக்கமில்லை. அதிலும் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு செல்லும் விதிதான் பலரையும் குழப்புகிறது. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு செயல்களில் ஒன்று சரியாகவும் மற்றொன்று விதிமீறலாகவும் இருப்பது எப்படி? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் இந்த விளையாட்டு பிறந்த கதையைச் சற்றுப் பார்ப்போம். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இதை உருவாக்கினார். கடுங்குளிரில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக, ஒரு கூடத்தில் பீச் பழக்கூடைகள் இரண்டை மாட்டி ஆடச் செய்தார். அவர் எழுதிய விதிகள் 13. அவற்றுள் ஒன்று, பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது. பந்தைத் தட்டிக்கொண்டு செல்லலாம் என்ற பேச்சே அந்த விதிகளில் இல்லை.

பிறகு அது எப்படி வந்தது? எதிரணியினர் சூழ்ந்துகொள்ள, பந்தை எறிய வழியில்லாமல் தவித்த ஆட்டக்காரர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். பந்தைத் தரையில் உருட்டியோ தட்டியோ விட்டுவிட்டு, மறுபடியும் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். கையில் பந்து இல்லாதபோது, 'பந்தோடு ஓடினார்' என்று யாரும் குற்றஞ்சாட்ட முடியாதல்லவா?

ஆகவே தட்டிச் செல்வது என்பது பந்தைக் கைவிட்டு, மறுபடியும் பெறுவது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இன்று அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதி இதுதான்: பந்தைத் தன் வசம் வைத்திருக்கும் ஆட்டக்காரர் அதைத் தரையில் தட்டியோ, எறிந்தோ, உருட்டியோ விட்டு, வேறொரு ஆட்டக்காரர் மீது அது படுவதற்கு முன் தாமே மீண்டும் தொட்டால், அது தட்டிச் செல்வது ஆகும். இரு கைகளாலும் ஒரே சமயத்தில் பந்தைத் தொட்டாலோ, பந்து கையில் தங்கி நின்றாலோ, அது முடிந்துவிட்டது. முடிந்த பிறகு இரண்டாம் முறை தட்டத் தொடங்கினால் விதிமீறல். இதைத்தான் 'டபுள் டிரிபிள்' என்கிறோம்.

அப்படியானால் நடுவர் எதைக் கவனிக்கிறார்? பந்து ஆட்டக்காரரின் கட்டுப்பாட்டில் இருந்ததா? தட்டிச் செல்வது முடிந்துவிட்டதா? முடிந்த பின் பந்து உண்மையாகவே அவர் கட்டுப்பாட்டை விட்டுப் போனதா? இந்த மூன்றைத்தான் கவனிக்கிறார். இனிச் சில விசித்திரமான நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

தோழர் எறிந்த பந்து ஒருவர் கையில் பட்டு நழுவித் தரையில் விழுகிறது. ஓடிப்போய் எடுக்கிறார், பிறகு தட்டிக்கொண்டு போகிறார். "இரண்டு தடவை!" என்று கூட்டம் கத்துகிறது. நடுவர் ஊதவில்லை. ஏன்? பந்து முதலில் அவர் வசமாகவே இல்லை. தவறி விழுந்ததைத் தட்டியதாகக் கணக்கிட மாட்டார்கள்.

அதே ஆட்டக்காரர் தட்டிச் சென்று, நின்று, பந்தைப் பிடிக்கும்போது நழுவவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதை மறுபடி எடுக்கலாம். ஆனால் மீண்டும் தட்டக்கூடாது. கூடையில் எறிய வேண்டும் அல்லது தோழருக்குக் கொடுக்க வேண்டும். நழுவிய பந்து இன்னோர் ஆட்டக்காரர் மீது பட்டிருந்தால் மட்டும் மறுபடி தட்டலாம். எதிரணிக்காரர் கைநீட்டிப் பந்தைத் தட்டிவிட்டாலும் அப்படியே. அதை மீட்டவர் புதிதாகத் தட்டத் தொடங்கலாம்.

மற்றொன்று. ஒருவர் கூடையை நோக்கிப் பந்தை எறிகிறார். பந்து வளையத்திலும் படவில்லை, பலகையிலும் படவில்லை. அவரே ஓடிப்போய்ப் பிடிக்கிறார். ஃபீபா விதிப்படி இதில் குற்றமில்லை. கூடைக்கு எறிந்தபோதே பந்து அவர் கட்டுப்பாட்டை விட்டுவிட்டது. ஆனால் அது கூடைக்கு உண்மையாகவே எறிந்த பந்து என்று நடுவர் கருத வேண்டும். சும்மா மேலே வீசிவிட்டுப் பிடித்தால் அந்தச் சலுகை இல்லை.

இன்னும் தட்டத் தொடங்காத ஒருவர், தடுத்து நிற்பவரின் தலைக்கு மேலே பந்தை வீசி, அவரைச் சுற்றி ஓடி, மறுபக்கம் பந்தை எடுக்கிறார். பந்து தரையில் ஒரு முறை பட்ட பின் எடுத்தால் சரி. தரையைத் தொடுமுன் பிடித்தால் விதிமீறல். பந்து கையில் படாமல் இருக்கும் நேரத்தில் எத்தனை அடி எடுத்து வைத்தாலும் தவறில்லை. ஆகவே, "நாலு அடி ஓடினாரே!" என்று நாம் எண்ணிக் கொண்டிருப்பதில் பொருளில்லை.

பந்து நடுவர் மீதே பட்டால்? அவர் நிற்கும் இடத்தில் தரையில் பட்டதாகவே கணக்கு. எனவே தட்டி முடித்துவிட்ட ஒருவர் எறிந்த பந்து நடுவர் மேல் பட்டுத் திரும்பி, வேறு எவரும் தொடுமுன் அவரே அதைத் தொட்டால், அது இரண்டாம் முறை தட்டியதாகிவிடும். பாவமாகத்தான் இருக்கும், விதி அதுதான்.

கீழே விழுந்து கிடப்பவர் கையில் பந்து கிடைத்தால், அதைப் பிடித்தபடியே எழுந்து நிற்க முயலக்கூடாது, உருளவும் கூடாது. ஆனால் படுத்தபடியே பந்தைத் தட்டத் தொடங்கி, தட்டிக்கொண்டே எழலாம். பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. தெரிந்த பிள்ளை ஆட்டத்தைத் தொடரும்; தெரியாத பிள்ளை பயந்துபோய்ப் பந்தை விட்டுவிடும்.

நடுவரின் கைச்சாடையையும் அறிந்துகொள்வது நல்லது. உள்ளங்கையால் கீழ்நோக்கித் தட்டுவதுபோல் காட்டினால் இரண்டாம் முறை தட்டிய விதிமீறல். இரு முட்டிகளையும் சுழற்றினால் பந்தோடு நடந்த விதிமீறல். இவை ஆளை இடிப்பது, தள்ளுவது போன்ற தவறுகள் அல்ல. ஆட்டக்காரரின் பெயரில் தவறு பதிவாகாது. பந்து எதிரணிக்குப் போகும், அவ்வளவுதான்.

நேயர்களே, நடுவரும் மனிதர்தான். கண நேரத்தில் நடந்ததைப் பார்த்து, கண நேரத்திலேயே முடிவு சொல்ல வேண்டியவர். அவர் தவறவே மாட்டார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் விதியை அறியாமல் நாம் திடலோரத்தில் கூச்சல் போட்டால், அதைக் கேட்கும் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? தோற்றால் பிறர் மீது பழி போடலாம் என்றுதான் கற்றுக்கொள்ளும். விதியை அறிந்த பெற்றோர், "நீ பந்தைப் பிடித்து நின்ற பிறகு மறுபடி தட்டினாய், அதனால்தான் ஊதினார்" என்று சொல்லிக் கொடுக்க முடியும். அந்தப் பிள்ளை அடுத்த ஆட்டத்தில் திருத்திக்கொள்ளும்.

நியாயம் எது என்று முதலில் தெரிந்துகொள்வோம். பிறகு நியாயம் கேட்போம். இது விளையாட்டுத் திடலுக்கு மட்டும் பொருந்துவதன்று.