ஏழாண்டுத் தோல்வி சொல்லும் கணக்கு

வேலையில் சறுக்கியவர் மீண்டெழுவது பற்றிப் பேசச் சொன்னால், நம் மேடைகளில் உடனே 1979 வந்துவிடும். எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர் முன் தோல்விக்குப் பொறுப்பேற்றார். மறு ஆண்டு வெற்றி வந்தபோது திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேசவிட்டார். உண்மைதான், அழகான கதையும்தான். ஆனால் ஒரே தோல்வி, பதினோரு மாதத்தில் வெற்றி என்று அது சட்டென முடிந்துவிடுகிறது. நல்ல தலைவரும் நெஞ்சுறுதியும் இருந்தால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று நம்மை நினைக்க வைத்துவிடுகிறது. அதே இஸ்ரோவின் அடுத்த அத்தியாயத்தை நாம் பேசுவதே இல்லை. அது மேடைக்குத் தோதான கதை இல்லை என்பதால்தானோ என்னவோ!

150 கிலோ எடையைத் தாழ்வான சுற்றுப்பாதையில் சேர்க்க ஏ.எஸ்.எல்.வி. என்ற ராக்கெட்டை உருவாக்கினார்கள். 1987 மார்ச் 24 அன்று நடந்த முதல் ஏவலில் பக்கவாட்டு மோட்டார்கள் எரிந்து முடிந்தன. அடுத்து எரியவேண்டிய முதல் நிலை பற்றவே இல்லை. அதைத் திருத்திக்கொண்டு 1988 ஜூலை 13 அன்று மீண்டும் ஏவினார்கள். இம்முறை ராக்கெட்டின் போக்கை நிலைப்படுத்தும் கட்டுப்பாடு போதவில்லை. 1992இல் செயற்கைக்கோள் மேலே போனது, ஆனால் திட்டமிட்டதைவிடத் தாழ்ந்த பாதைக்கு. 1993 செப்டம்பர் 20 அன்று புத்தம்புதிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டும் முதல் பயணத்திலேயே தோற்றது. அங்கே காரணங்களில் ஒன்று, வழிநடத்தும் மென்பொருளில் இருந்த பிழை. ஏழாண்டுகள், நான்கு ராக்கெட் ஏவல்கள், முழு வெற்றி ஒன்றுகூட இல்லை. இந்தப் பட்டியலைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் வேறு. போன முறை விழுந்த குழியில் இந்த முறை விழவில்லை. மீண்டெழுதலுக்கு நான் ஏற்கும் அளவுகோல் இதுதான். முகத்தில் தெரியும் தெம்பை வைத்து அதை அளக்க முடியாது.

"ஜெயித்ததால்தானே இந்தக் கதையைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஏ.எஸ்.எல்.வி. ஜெயித்த கதை இல்லையே! 1994 மே மாதம் முழு வெற்றி கண்டது. அதோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதில் கற்ற பாடம் பி.எஸ்.எல்.வி.க்குப் போனது. அது அதே ஆண்டு அக்டோபரில் வெற்றி பெற்றது. 2017இல் ஒரே ஏவலில் 104 செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. விடாமுயற்சி என்ற பெயரில் பழைய திட்டத்தையே கட்டிக்கொண்டு அழவேண்டியதில்லை என்பதும் இதில் இருக்கிறது.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. தோற்றவரைத் தண்டிக்காவிட்டால் அலட்சியம் வளராதா? வேண்டுமென்றே விதியை மீறியவரைத் தண்டியுங்கள், மறுக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது ஒரே நாளில் முடிகிற காரியம். காரணத்தைத் தேடுவதுதான் கடினம். சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் 2019இல் நிலவில் மோதியபின் என்ன செய்தார்கள்? என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்ததையும், அதனால் சேர்ந்த பிழையைக் கலத்தால் விரைவாகத் திருத்திக்கொள்ள முடியாமல் போனதையும் கண்டுபிடித்தார்கள். அடுத்த கலத்தில் ஐந்து என்ஜின்கள் நான்காயின, கால்கள் பலமாயின, 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. எதெல்லாம் தவறக்கூடும் என்று கேட்டுக் கேட்டு வடிவமைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 தரையிறங்கியது. அலட்சியத்துக்கு இதைவிடக் கடுமையான மருந்து எந்தப் பணிநீக்க ஆணையில் இருக்கிறது?

"அது அரசு நிறுவனம், டார்கெட் தவறினால் அடுத்த மாதமே வெளியே போகும் எங்களுக்கு இது பொருந்துமா?" என்பீர்கள். முழுதாகப் பொருந்தாது. ஏழாண்டு காத்திருக்க உங்கள் முதலாளிக்குப் பொறுமை இல்லை, உங்கள் வீட்டுக்கடனுக்கும் இல்லை. அதனால்தான், தனி ஊழியரிடம் மட்டும் "மனம் தளராதே" என்று சொல்லிவிட்டு நகர்வதை நான் ஏற்கவில்லை. ஊழியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நடந்ததை, யார் செய்தார் என்று இல்லாமல், எது எந்த வரிசையில் தவறியது என்று, சூடு ஆறும் முன்னே எழுதிவைக்கலாம். அடுத்த வேலைக்குப் போனாலும் அது கூடவே வரும். மற்றதெல்லாம் நிர்வாகத்தின் கடமை. இந்த அவையில் நிர்வாகிகளும் இருக்கிறீர்கள். ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் தவறவிட்ட இலக்கை எழுத ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்களே, அதன் பக்கத்திலேயே காரணத்தை எழுத இன்னொரு கட்டமும் வையுங்கள். அதில் எழுதியதற்காக யாருடைய சம்பள உயர்வும் வெட்டப்படாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.