கோடே இல்லாத மெஷினை டீபக் பண்றது எப்படி?

இன்னைக்கு நாம பேசப்போற மெஷின்ல சிப் கிடையாது, ஒரு வரி கோட் கூட கிடையாது. ஆனா ஸ்கோரை ஞாபகம் வெச்சுக்கும், மெஷினைப் பிடிச்சு ஆட்டினா கண்டுபிடிச்சு ஆட்டத்தை நிறுத்தும். 1970-கள் வரைக்கும் சிகாகோவில காட்லீப், வில்லியம்ஸ், பேலி மாதிரி கம்பெனிகள் செஞ்ச எலக்ட்ரோமெக்கானிக்கல் பின்பால்.

இதோட மெமரி, ஸ்கோர் ரீல். ஒரு பல்ஸ் வந்தா ஒரு எண் நகரும் சக்கரம், அவ்வளவுதான். லூப் வேணும்னா அதுக்கு ஸ்கோர் மோட்டார். பந்து 50 பாயின்ட் டார்கெட்ல பட்டதும் மோட்டார் சுத்தும், அதுல இருக்கிற கேம் ஒரு ஸ்விட்ச்சை அஞ்சு தடவை தட்டும், பத்தாம் இட ரீல் அஞ்சு எண் நகரும். டக் டக்னு கேக்குதே, அது லூப் ஓடுற சத்தம்!

இப்போ பக். 50 விழ வேண்டிய இடத்துல சில நேரம் 40தான் விழுது. 10 பாயின்ட் டார்கெட்டைத் தட்டிப் பாத்தா சரியா வேலை செய்யுது. அப்போ ரீல் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடலாமா? அவசரப்படாதீங்க. பழைய எண்ணெய் பிசினாகி ரீல் மந்தமாயிருந்தா ஒத்தை பல்ஸுக்கு நகரும், வேகமா அஞ்சு வந்தா ஒண்ணைத் தவறவிடும். நம்ம ரேஸ் கண்டிஷன் பக் மாதிரியேதான். 500 பாயின்ட்டும் தப்பா விழுதான்னு பாருங்க. ரெண்டுமே தப்புன்னா முதல் சந்தேகம் மோட்டார் பக்கம். 50 மட்டும்னா பெரும்பாலும் ரீல்தான்.

இங்கதான் பலரும் டபிள்யூடி-40-ஐ எடுத்து அடிச்சுடுவாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். இந்த மெஷின்ல பெரும்பாலான பாகங்கள் எண்ணெய் இல்லாம ஓடத்தான் செஞ்சிருக்காங்க. எண்ணெய் தூசியை இழுக்கும். அதோட கான்டாக்ட்ல தீப்பொறி பறக்கும், அந்த ஸ்ப்ரேயோ தீப்பிடிக்கும். பவரை ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கிட்டு, ரீலைக் கழட்டி ஆல்கஹால்ல துடைச்சுக் காயவிட்டு மாட்டுங்க.

இன்னொரு பாவம், கண்ணுல பட்ட ஸ்விட்ச் தகட்டையெல்லாம் வளைக்கிறது. புரொடக்‌ஷன்ல நேரா போய் நாலு வரியை மாத்திப் பாக்குற ஆள் உங்க டீம்லயும் இருப்பாரே, அதே கேஸ். ஒரு பக் போய் அஞ்சு பக் வரும். அழுக்கான கான்டாக்டை மெல்லிய அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்தா போதும்.

ஃபிளிப்பர் சோர்ந்து போச்சுன்னா புது காயில் வாங்கறதுக்கு முன்னாடி அது பக்கத்துல இருக்கிற ஸ்விட்ச்சைப் பாருங்க. ஃபிளிப்பர் முழுசா எழும்பினதும் அது திறந்து கரன்ட்டைக் குறைக்கும். அழுக்கா இருந்தா அடி பலவீனமாகும். திறக்கவே இல்லைன்னா, பட்டனைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும்போது காயில் புகையும்.

சரி, அடுத்த எபிசோட்ல ஸ்கீமாட்டிக் படிக்கலாம். கலர் பென்சில் எடுத்துட்டு வாங்க.