சித்தப்பா சொன்ன சொல் எங்கே போனது?

(படிப்பகத்தின் ஆங்கில வகுப்பு நிறைவு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூன்று மாதம் இரவு வகுப்புக்கு வந்து படித்து முடித்திருக்கிற தம்பி, தங்கைகளுக்கு வாழ்த்துகள். ‘ஆங்கிலம் ஏன் படிக்க வேண்டும் என்று பத்து நிமிடம் பேசுங்கள்’ என்று தோழர் கேட்டுக்கொண்டார். வேலை கிடைக்கும், இன்டர்வியூவில் பயப்படாமல் பேசலாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் உங்கள் நோட்டில் இருக்கும் ஒரே ஒரு பக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன். ‘குற்றமும் தண்டனையும்’ என்று தலைப்புப் போட்ட சொற்பட்டியல். தெஃப்ட் என்றால் திருட்டு, மர்டர் என்றால் கொலை, விட்னஸ் என்றால் சாட்சி, பெயில் என்றால் பிணை. பக்கம் நிறைய எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குப் பத்தொன்பது வயதில் இந்தச் சொற்களெல்லாம் தெரியும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்போது, ஊர்த்தெரு வழியாக வண்டியில் போனார் என்பதற்காக என் சித்தப்பாவை மறித்து, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, அடித்தார்கள். நாங்கள் காலையில் காவல் நிலையம் போனோம். பொழுது சாயும்வரை வெளியே உட்கார வைத்தார்கள். கடைசியில் முத்திரை குத்திய ஒரு சீட்டைக் கொடுத்து, ‘கேஸ் போட்டாச்சு, கெளம்புங்க’ என்றார்கள். சித்தப்பா அதை என்னிடம் நீட்டி, ‘படிச்சுப் பாருப்பா, சரியா இருக்கா’ என்றார். வீட்டிலேயே கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்துப் பார்த்து, ‘சரியா இருக்கு சித்தப்பா’ என்றேன். அவர் அதை வீட்டில் அம்பேத்கர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வழக்கறிஞர் தோழர் அதைப் பார்த்தார். ‘தம்பி, இது எஃப்.ஐ.ஆர் இல்லை, சி.எஸ்.ஆர்’ என்றார். சி.எஸ்.ஆர் என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர், அதாவது முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் வழக்கு தொடங்கும். அந்த இரண்டு மாதத்தில் சித்தப்பாவின் காயம் ஆறிவிட்டது. பார்த்த சாட்சிகள் ‘எங்களை விட்டுடுங்க’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள். சீட்டில் இருந்த மூன்று எழுத்தையும் நான் சரியாகத்தான் வாசித்தேன். அதன் பொருள்தான் தெரியவில்லை.

மேலதிகாரிக்கு மனு கொடுத்து அலைந்த பிறகு எஃப்.ஐ.ஆர் வந்தது. அதில் ‘அசிங்கமாகத் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்ததாக’ என்று எழுதியிருந்தார்கள். பிரிவுகள் 294(பி), 323, 506(1). 294(பி) பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவதற்கான பிரிவு. சித்தப்பா சொன்ன சாதிப் பெயர் அந்தத் தாளில் எங்குமே இல்லை. அவருக்கு நடந்தது ஆபாசம் அல்ல, சாதி இழிவு. அவர் சொன்ன சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘அசிங்கமாக’ என்று எழுதிவிட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அந்த வழக்குக்குள் நுழையவே முடியாது. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டியதில்லை. முன்ஜாமீனுக்கு அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு போடும் தடை இல்லை. நிவாரணத் தொகை இல்லை. ஒரு சொல்லை மாற்றியதில் இவ்வளவும் போனது.

இன்று என் ஆய்வுக்காக இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதே ‘அசிங்கமாகத் திட்டி’ இன்னும் கண்ணில் படுகிறது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்து 294 என்பது 296 ஆகிவிட்டது. எண்தான் மாறியிருக்கிறது.

சட்டத்தின் ஆங்கிலம் டிக்‌ஷனரி ஆங்கிலமும் இல்லை. இங்கே வந்ததும் ஒரு தங்கையிடம் ‘மிஸ்சீஃப் என்றால் என்ன’ என்று கேட்டேன். ‘குறும்பு அண்ணா’ என்றாள். சரியான பதில்தான். ஆனால் புதிய சட்டம் வரும்வரை நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 436ஆம் பிரிவைப் பாருங்கள். குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பதற்கு அங்கே பெயர் ‘மிஸ்சீஃப் பை ஃபயர்’. தண்டனை ஆயுள்வரை போகலாம், பெயர் மட்டும் குறும்பு. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். அங்கே வீடு இழந்த ஒரு அம்மாவிடம், உங்கள் பிள்ளையின் சான்றிதழும் நீங்கள் சேர்த்த நகையும் எரிந்ததற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் இதுதான் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. தீண்டாமை பாவம் என்றும் பெருங்குற்றம் என்றும் நம் பள்ளிப் பாடநூல்கள் அச்சிட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். இரண்டும் ஒன்றல்ல. பாவத்துக்குப் பரிகாரம் போதும், செய்தவரே செய்து முடித்துக்கொள்ளலாம். குற்றத்துக்கு வழக்கு வேண்டும், பாதிக்கப்பட்டவர் பேச வேண்டும், தண்டனை வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிப்பதோடு நிற்கவில்லை. அதன் பெயரால் எந்த இயலாமையைச் சுமத்தினாலும் அது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. ‘அஃபென்ஸ்’ என்ற சொல் அங்கே, அடிப்படை உரிமைகளின் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. காவல் நிலையத்தில் ‘பேசி முடிச்சுக்கலாம், சமாதானமா போயிடுங்க’ என்று சொல்லும்போது, குற்றத்தை மறுபடியும் பாவமாக மாற்றப் பார்க்கிறார்கள்.

அதனால் உங்கள் பட்டியலில் சில சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, அட்ராசிட்டி. சினிமா காமெடியில் வரும் அட்ராசிட்டி இல்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் இருக்கும் வன்கொடுமை.

இரண்டாவது, பப்ளிக் வியூ. சாதி சொல்லி இழிவுபடுத்தியது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்ததா என்று நீதிமன்றம் கேட்கும். எந்த இடம், யார் யார் இருந்தார்கள் என்பதைப் புகாரிலேயே சொல்லுங்கள். சொன்ன சாதிப் பெயரையும் கூசாமல் அப்படியே எழுதுங்கள். கூச வேண்டியவர்கள் நாமல்ல.

மூன்றாவது, நெக்லெக்ட் ஆஃப் டியூட்டி. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி, வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய அதிகாரி, கையெழுத்து வாங்குவதற்கு முன் அதைப் படித்துக்காட்ட வேண்டும், நகலும் உடனே தர வேண்டும். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத ஓர் அரசு ஊழியர் இதை வேண்டுமென்றே செய்யாவிட்டால், 4ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை. நான்காவது, நோட்டீஸ். குற்றம் சாட்டப்பட்டவர் பிணை கேட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் வர வேண்டும், அவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்கிறது 15ஏ பிரிவு.

சொல் தெரிந்துவிட்டால் நீதி கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சொற்களெல்லாம் நிலையத்தில் இருப்பவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 2018 மார்ச் 20 அன்று, எஃப்.ஐ.ஆருக்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அந்த ஒரு வரி எத்தனை வழக்குகளை வாசலிலேயே நிறுத்தும் என்று மக்களுக்குப் புரிந்தது. ஏப்ரல் 2 அன்று நாடு முழுவதும் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைக் கொண்டுவந்து, அந்த விசாரணை தேவையில்லை என்றது. சொல்லின் பொருள் தெரிந்தவர்கள் கூட்டமாக நின்றதால் நடந்தது அது.

சித்தப்பாவின் வழக்கு நிற்கவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. ‘சரியா இருக்கு சித்தப்பா’ என்று நான் சொன்னது மட்டும் இன்னும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாளைக்கு உங்கள் தெருவில் யாராவது ஒரு சீட்டை நீட்டி, ‘படிச்சுப் பாரும்மா, சரியா இருக்கா’ என்று கேட்பார்கள். சரியாக இல்லை என்றால் ‘இது சரியில்லை, வாங்க, திரும்பப் போவோம்’ என்று சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.